பெயர் ஒட்டாத பை

மூத்தவளே, சின்னவனே,

போன கிழமை செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது காரில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அவ எங்களுக்கு என்ன முறை அப்பா?" என்றாள் மூத்தவள். "சொந்தம் இல்லாட்டி நீங்கள் ஏன் கடைசி வரிசையில ஒளிச்சு நிண்டனீங்கள்? தட் வாஸ் வியர்ட்" என்றான் சின்னவன். றோட்டைப் பார்த்து ஓட வேண்டும், கதை குடுக்காதையுங்கோ என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். வாயால் சொல்ல வராததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன். நான் கனக்கப் படித்தவன் இல்லை. உங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தமிழ் இதை வாசிக்கப் போதும்.

அவ எங்களுக்கு ஒரு முறையும் இல்லை. மல்வேர்னில் நாங்கள் இன்றைக்கும் இருக்கிற இதே கட்டிடத்தில், எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருந்தா. நான் அக்கா என்று கூப்பிட்டேன். மூத்தவளும் மற்றப் பிள்ளைகளும் வைத்த பெயர் பிளேஸ் அன்ரி. அந்தப் பெயர் மூத்தவளுக்கு நினைவிருக்கும், காரணம் மறந்திருக்கும்.

காரணம், அவ இடம் பிடிப்பா. கோடை நீச்சல் வகுப்புக்குப் பதியும் நாளில் விடிய ஐந்து மணிக்குச் சமூக நிலைய வாசலில் போய் நிற்பா. தனியாளாக நிற்பா, ஆனால் அவவுக்குப் பின்னால் இருபது பேருக்கு இடம் இருக்கும். ஒரு சோடிச் செருப்பு, ஒரு குடை, ஒரு ஐஸ்கிறீம் வாளி, ஒரு பழைய தொப்பி என்று வரிசையாக நிலத்தில் வைத்திருப்பா. ஒவ்வொன்றிலும் பெயின்ற் அடிக்கிறவர்கள் ஒட்டுகிற மஞ்சள் ஒட்டுப் பேப்பரில் ஒரு துண்டு. அதில் வீட்டு இலக்கமும் பெயரும். தடிமன் காய்ச்சல் ஊசி போடும் நாள், இலவசமாக வரிக் கணக்கு நிரப்பித் தரும் நாள், பள்ளிக்கூடத்தில் புதுப் பிள்ளை சேர்க்கும் நாள், எல்லாவற்றுக்கும் அப்படித்தான். நாங்கள் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து, பிள்ளைகளுக்குத் தலையிழுத்து, எட்டரைக்குப் போய் எங்கள் செருப்புக்குள் காலை விட்டால் வரிசையில் நிற்கிறோம்.

காவலாளி வந்து இது ஆருடைய சப்பாத்து என்று கேட்டால் அவவிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "பீப்பிள் கமிங், சேர்."

அதைச் சொல்லும்போது அவவின் முகத்தில் கெஞ்சல் இருக்காது. நிச்சயம் இருக்கும். ஊரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய்க்கு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இடம் பிடித்தோம். வெறும் எண்ணெய்க் கானைக் கயிற்றில் கோர்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். கான் இல்லாதவன் கல்லில் பெயர் எழுதி வைப்பான். அந்தக் கல்லை ஒருவரும் தள்ளமாட்டார்கள். இங்கே வந்த பிறகு எங்களுக்கு அது மறந்துபோனது. அவவுக்கு மறக்கவில்லை.

இன்னொன்று. வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரு பிஸ்கற் ரின் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் துண்டில் இலக்கமும் இல்லை, பெயரும் இல்லை. "பிந்தி வாறவை" என்று எழுதியிருக்கும்.

ஒருநாள் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் மெசின் முடியக் காத்திருந்தபோது அந்த ரின்னைப் பற்றிக் கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன்.

"அக்கா, உந்த ரின்னுக்குரிய ஆள் ஒருநாளாவது வந்தவரோ?"

"ரெண்டு மூண்டு தரம் வந்திருக்கினம். ஒரு சீன மனிசி ஒருக்கா வந்தவ. கைக்குழந்தையோட."

பிறகு துவாயை மடித்துக்கொண்டே சொன்னா. இடம்பெயர்ந்தபோது நீரேரியைக் கடக்க வள்ளத்துக்கு இடம் பிடிக்கச் சொல்லித் தாய் அவவை முதலே அனுப்பினாவாம். அப்போது பத்தொன்பது வயது. அவ நாலு பேருக்கு நாலு மூட்டை வைத்தா. "பேர் எழுதேல்லைத் தம்பி. அவசரத்தில எழுதேல்லை. ஆரோ மூண்டு மூட்டையைத் தூக்கிக் கரையில போட்டுட்டுத் தாங்கள் ஏறீட்டினம். என்ரயில நான் இருந்தபடியால் அது தப்பிச்சுது. வள்ளம் வெளிக்கிட்டுட்டுது. அம்மாவும் தங்கச்சியவையும் அடுத்த வள்ளத்தில வந்தவை."

அவவே முடித்தா.

"அந்த வள்ளம் வந்து சேரேல்லை. உங்கட மெசின் நிண்டிட்டுது, பாருங்கோ."

அழுகையில்லை, ஒன்றுமில்லை. மெசின் நின்றதைச் சொன்ன அதே குரல்தான். அவ ஏன் இலக்கமும் பெயரும் எழுதாமல் ஒரு பொருளையும் கீழே வைக்கமாட்டா என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இனிச் சுடர் வந்த கதை. அதைத்தான் எழுத இருந்தேன், இவ்வளவு நேரம் சுற்றிவிட்டேன்.

நகரத்தில் பெரிய விளையாட்டுப் போட்டி நடக்க இருந்தது. அதற்கு முதல் சுடர் ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றி ஊர் ஊராக ஓடிக்கொண்டு வருவார்கள். அது எங்கள் தெருவாலும் வரும் என்று லிஃப்டுக்குள் கடதாசி ஒட்டினார்கள். மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது, சின்னவன் கைப்பிள்ளை.

அந்தக் கடதாசிக்குப் பிறகு எங்கள் தெருவை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் இருந்த குழியைப் பற்றி எத்தனையோ வருடமாக முறைப்பாடு செய்திருக்கிறோம். மழைக்கு அதுக்குள் தண்ணி நின்று, பஸ் வரும்போது வேலைக்குப் போகிற சனத்தின் உடுப்பெல்லாம் நனையும். அதை ஒரு காலைக்குள் மூடினார்கள். வெள்ளைக் கோடு புதிதாகப் போட்டார்கள். விளக்குக் கம்பம் எல்லாவற்றிலும் வண்ணத் துணி தொங்கியது. பல்கனியில் உடுப்புக் காயப்போட வேண்டாம் என்று கட்டிட மனேஜர் கதவு கதவாகச் சொன்னார்.

"பட்டப்பகலில ரோச் லைற் பிடிச்சுக்கொண்டு ஓடப்போகினமாம். அதுக்கு நான் என்ர சாறத்தை எடுக்கோணுமாம்" என்று ஐந்தாம் மாடி அண்ணை லிஃப்டுக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூலைக் கடைக்காரர் முந்நூறு இறைச்சி றோல்ஸுக்குச் சொல்லிவைத்தார். சிரித்தாலும் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு புளுகம், ஒரு பெருமை. பேப்பரில் எங்கள் பகுதியின் பெயர் வருவதென்றால் வேறு காரணத்துக்குத்தான் வரும். இந்தமுறை நல்லதுக்கு வரப் போகிறது என்று நினைத்தோம்.

எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் கட்டிடத்துக்கு முன்னால் வரும் அந்தத் துண்டுத் தூரத்தை ஓட எங்கள் கட்டிடத்துப் பிள்ளையையே தெரிவுசெய்திருந்தார்கள். ஏழாம் மாடிப் பிள்ளை. பதினெட்டு வயது. சமூக நிலையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினவள். மூத்தவளே, உன்னை முதன்முதல் தண்ணிக்குள் இறக்கினவள் அவள்தான்.

அக்காவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பேக்கரியில் வேலை செய்தவ. ஒருநாளும் லீவு கேட்காதவ, அந்தச் சனிக்கிழமைக்கு லீவு கேட்டா. அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொன்னாவாம்: "நீ ஓடேக்க ரெண்டு பக்கமும் உனக்குத் தெரிஞ்ச முகமாத்தான் இருக்கும். வெளியாள் ஒருத்தரும் முன்னுக்கு நிக்கமாட்டினம். நான் பாத்துக்கொள்ளுறன்."

"அன்ரி, யூ ஆர் தி பெஸ்ற்" என்று அவள் கட்டிப்பிடித்தாளாம். இதை அக்கா எனக்கு மூன்று தரம் சொன்னா.

சனிக்கிழமை காலை நான் இரவு வேலை முடிந்து வந்தேன். தெரு மூடியிருந்ததால் பஸ் எங்களை எங்கேயோ தூரத்தில் இறக்கிவிட்டது. நடந்து வந்தால், அக்கா பஸ் தரிப்பிடத்தடியில் நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்து சாமான் அடுக்குகிறா. நாற்பது வீட்டுக்கு நாற்பது பொருள். மடக்குக் கதிரை, தலையணை, பிள்ளைகளின் மூன்று சக்கர வண்டி, ஒரு ரைஸ் குக்கர் மூடி கூட இருந்தது. கடைசியில் பிஸ்கற் ரின்.

"தம்பி, உங்கடை ஒண்டும் தரேல்லையே."

தோளில் கிடந்த வேலைப் பையைக் கழற்றிக் கொடுத்தேன். கறுப்புப் பை. அக்கா ஒட்டுப் பேப்பரைப் பல்லால் கிழித்து, 1104 என்றும் என் பெயரையும் எழுதி, பையின் மேல் ஒட்டிவிட்டு, அடுத்த சாமானை எடுக்கத் திரும்பினா.

அந்த நேரம் தெருமுனையில் பொலிஸ் வாகனங்கள் வந்து நின்றன. எனக்கு ஏன் அப்படி ஒரு பயம் பிடித்தது என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். என் குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்குக் கடிதம் வந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் இருந்தது. அது முடியுமட்டும் பொலிஸ் இருக்கிற இடத்தில் உன் பெயர் அடிபடக் கூடாது என்று வேலையிடத்தில் ஒருவர் என் காதுக்குள் ஓதிக்கொண்டே இருந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் குனிந்து, அந்த ஒட்டுப் பேப்பரை உரித்து, சுருட்டிக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, உங்களைக் கூட்டிவர மேலே போய்விட்டேன்.

குளித்து, உங்களை வெளிக்கிடுத்தி, மூத்தவளைத் தோளில் வைத்துக்கொண்டு நான் இறங்கி வரும்போது சனமெல்லாம் கட்டிட வாசலில் ஒதுக்கப்பட்டு நின்றது. முன்னால் மஞ்சள் நாடா. நடைபாதை ஓரத்தில் அக்காவும் ஒரு இளம் பொலிஸ்காரரும் மட்டும் நின்றார்கள். நல்ல பெடியன். சிரித்துக்கொண்டுதான் நின்றான். சுடர் வருகிற வழியில் ஆளில்லாத சாமான்கள் இருந்தால் அவன் பார்க்கத்தானே வேண்டும். அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினா. இது 503, இது 910, இது பிந்தி வாறவை. அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான்.

என் பையில் வந்து நின்றான். "இது யாருடையது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அக்கா குனிந்து பையைத் திருப்பிப் பார்த்தா. மறுபடியும் திருப்பினா. ஒட்டின துண்டைத் தேடினா. பிறகு நிமிர்ந்து சனத்துக்குள் பார்த்தா. என்னைக் கண்டுபிடித்தா.

எங்களுக்கு நடுவில் இருபது அடி இருக்கும். நான் தலையைக் குனிந்து, தோளில் இருந்த உன் சப்பாத்து நாடாவைக் கட்டினேன், மூத்தவளே. அது அவிழ்ந்திருக்கவில்லை.

"மை பேக், சேர்" என்றா அக்கா.

"உள்ளே என்ன இருக்கிறது?"

"ஃபூட், சேர். ஒன்லி ஃபூட்."

அவவுக்கு எப்படித் தெரியும்? உள்ளே சாப்பாட்டுப் பெட்டியும் தேத்தண்ணிப் பிளாஸ்க்கும் இருந்தது உண்மை. அதோடு ஒரு பழைய றேடியோவும் இருந்தது. பின்மூடி உடைந்து, வயர் வெளியே தொங்க, பற்றரியை நாடாவால் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன். வேலையிடத்தில் ஒருவரிடம் திருத்தக் கொண்டுபோய், திருத்தாமல் திருப்பிக் கொண்டுவந்தது.

அந்தப் பெடியன் பையின் வாயை மெல்ல விரித்துப் பார்த்தான். சிரிப்பு நின்றது. இன்னொரு தரம் கேட்டான், இந்தமுறை வேறு குரலில். அக்கா அதையேதான் சொன்னா. ஒன்லி ஃபூட். அவன் அக்காவின் கையைப் பிடித்து மெதுவாகப் பின்னுக்குக் கூட்டிப் போனான். தோளில் இருந்த கருவியில் பேசினான்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிட வேலை. பை என்னுடையது, உள்ளே றேடியோ, இந்தாருங்கோ என்று எடுத்துக் காட்டியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை.

எங்களை எல்லாம் அடுத்த கட்டிடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார்கள். சுடருக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. அது பின்னேரத்துக்குள் எத்தனையோ இடம் போக வேண்டும். அதன் வாகனங்களை இரண்டு தெரு தள்ளித் திருப்பிவிட்டார்கள். பாட்டுச் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது, பிறகு பக்கவாட்டில் போனது. கையில் கொடியோடு நின்ற பிள்ளைகள் சத்தம் போன பக்கம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அப்பா, அது எங்க போகுது?" என்று நீ கேட்டாய். ஏழாம் மாடிப் பிள்ளை தன் துண்டுத் தூரத்தைப் பூட்டியிருந்த ஒரு ரயர்க் கடைக்கு முன்னால் ஓடினாள். பார்த்தவர்கள் மூன்று பேரும் ஒரு நாயும் என்று பிறகு சொன்னாள். தாய் தகப்பனே எங்களோடுதான் நின்றார்கள்.

பையைச் சோதித்து முடித்து, அக்காவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்களாம். "எல்லாத்திலும் பெயர் ஒட்டினீர்கள், இதிலும் ஒட்டியிருக்கலாமே அம்மா" என்று அந்தப் பெடியன் சொன்னானாம். அக்கா, ஓம், என்ர பிழைதான் என்றாவாம்.

பின்னேரம் கதவு தட்டப்பட்டது. பையோடு நின்றா.

"தேத்தண்ணி ஆறிப்போச்சுத் தம்பி. ஊத்திப்போட்டுப் பிளாஸ்க்கைக் கழுவினனான்."

"அக்கா, நான்…"

"சத்தியப்பிரமாணம் எப்ப?"

"வாற மாதம்."

"சரி. அது முடியட்டும்."

அவ்வளவுதான். என்னை ஏசவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. முடிந்த பிறகு நானே வந்து எல்லோருக்கும் சொல்லுவேன் என்று நினைத்திருக்கிறா. எனக்கும் ஒரு இடம் பிடித்துவைத்துவிட்டுப் போனா.

அந்த மாதம் கட்டிடம் முழுக்க ஒரே கதை. "உந்த மனிசியின்ர விசர் வேலையால பிள்ளையின்ர நாள் நாசமாப் போச்சு." "ஊரில கல் வைச்ச மாதிரி இஞ்சையும் வைக்கலாமே?" "என்ன வச்சிருக்கிறன் எண்டு தனக்கே தெரியேல்லையாம்." ஒருநாள் லிஃப்டுக்குள் அதே ஐந்தாம் மாடி அண்ணை என்னைப் பார்த்து, "நீர் சொல்லும், பிழைதானே?" என்றார். நான் "ஓம்" என்றேன். பிள்ளைகளே, மௌனமாக இருந்ததைவிட அந்த ஒரு சொல்தான் என்னை இன்றைக்கும் குத்துகிறது.

ஏழாம் மாடிப் பிள்ளைக்குக் கோபம் இருக்கவில்லை. தான் ஏந்திய சுடர்த் தண்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் அக்காவின் கதவுக்குப் போனாள். நான் படியில் நின்றேன். "அன்ரி, இட்ஸ் ஓகே. ஒருக்காத் திறவுங்கோ. நீங்கள் இதைப் பிடிச்சு ஒரு ஃபோட்டோ எடுப்பம்."

உள்ளே இருந்து குரல் வந்தது. "முழுகிக்கொண்டு நிக்கிறன் பிள்ளை. பிறகு வா."

தண்ணிச் சத்தம் கேட்கவில்லை. அவள் தண்டோடு திரும்பிப் போனாள்.

சத்தியப்பிரமாணம் நடந்தது. கையை உயர்த்திச் சொன்னேன். பத்திரத்தோடு வந்து அக்காவின் கதவுக்கு முன்னால் நின்றேன். தட்டவில்லை. இன்றைக்கு வேண்டாம், நல்ல நாளில் மனசு சரியில்லாமல் போகும், நாளைக்குச் சொல்லுவோம் என்று போனேன். நாளைக்கு, நாளைக்கு என்று கம்பத்தில் தொங்கிய வண்ணத் துணி வெளிறிப்போனது. அதை ஒருவரும் கழற்ற வரவில்லை. பனி தொடங்கிய பிறகு காற்றே கொண்டுபோனது. அடுத்த வசந்தத்தில் பஸ் தரிப்பிடத்துக் குழியும் திரும்பி வந்தது.

அக்கா அதற்குப் பிறகு ஒருவருக்கும் இடம் பிடிக்கவில்லை. அடுத்த கோடையில் நீச்சல் வகுப்புக்கு நாங்கள் எட்டரைக்குப் போனோம், எல்லாம் நிரம்பியிருந்தது. அப்போதுதான் சிலருக்கு அவவின் நினைவு வந்தது. போய்க் கேட்டார்கள். "எனக்கு இப்ப கால் ஏலாது" என்று சொல்லி அனுப்பினாவாம். நாற்பத்திச் சொச்ச வயது மனிசி.

பிறகு தூரத்துச் சொந்தம் ஒன்று நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் புதுவீடு வாங்கி, பிள்ளைகளைப் பார்க்க அவவைக் கூட்டிக்கொண்டு போனது. ஒரு தடவைதான் போய்ப் பார்த்தேன். பெரிய வீடு, வெறுந்தெரு. பஸ் இல்லை, கூப்பிடு தூரத்தில் ஒரு கடை இல்லை. அந்த ஊரில் ஒருவரும் எதற்கும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. அவ தேத்தண்ணி தந்தா, உங்களை விசாரித்தா, நீ நீந்துகிறாயா என்று கேட்டா. சொல்லத்தான் போனேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன். வாசல் வரை வந்து, நான் சப்பாத்துப் போடும்போது கேட்டா:

"அந்த றேடியோ பிறகு பாடினதோ, தம்பி?"

"ஓம் அக்கா. நல்லாப் பாடுது."

திருத்தவேயில்லை. அதுவும் பொய்.

சிரித்தா. "அப்ப சரி" என்றா.

போன கிழமை நீங்கள் பார்த்த முகம் அதே முகம்தான், கொஞ்சம் மெலிந்திருந்தது. முன் வரிசையில் நிறைய இடம் இருந்தது. ஏழாம் மாடிப் பிள்ளை, இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய், தூர இருந்து வந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள். முன்னுக்கு வாங்கோ என்று எனக்குக் கை காட்டினாள். அந்த வரிசைக்குப் போக எனக்கு என்ன உரிமை? அதனால்தான் கடைசியில் நின்றேன்.

இதை அவளுக்கு நான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டிடத்தில் மிஞ்சியிருக்கிற பழைய ஆட்களுக்கும் சொல்ல வேண்டும். உங்களுக்கு முதலில் எழுதிவிட்டேன்.

செத்தவீட்டால் வந்த அன்றைக்கு உங்களை மேலே அனுப்பிவிட்டு, காரில் ஏதோ விட்டுவிட்டேன் என்று சொன்னேனே. காருக்குப் போகவில்லை. கீழே சாமான் அறையைத் திறந்து, பின்னுக்குக் கிடந்த கறுப்புப் பையை எடுத்தேன். றேடியோ அதற்குள்ளேயே இருந்தது. சுவர் ஓரத்தில் பெயின்ற் அடித்து மிஞ்சின ஒட்டுப் பேப்பர் உருளை கிடந்தது. பல்லால் ஒரு துண்டு கிழித்து, 1104 என்றும் என் பெயரை முழுதாகவும் எழுதி, பையின் மேல் ஒட்டினேன். விளிம்பைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தேன். பிறகு தெருவுக்குப் போய், சுடர் வந்த நாளில் அக்கா குந்தியிருந்த இடத்தில் பையை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றேன்.

பஸ் ஒன்று வந்தது. குழியில் இறங்கி ஏறி, எனக்கு முன்னால் நின்று கதவைத் திறந்தது. நான் ஏறவில்லை. கதவு மூடியது.